எலி மருந்தைத் தேடுமுன் எலி வரும் வழியைத் தேடுங்கள்

காவிரி டெல்டாவில் வேளாண் அலுவலராகப் பணியாற்றும் என்னிடம், தை மாதத்தில் சம்பா அறுவடை முடிந்த சில நாட்களுக்குள் ஊர்தோறும் கேட்கப்படும் கேள்வி, வீட்டில் எலிக்கு என்ன மருந்து வைப்பது என்பதுதான். கதிர் நின்றவரை வரப்பு வளைகளில் இருந்தவை, தீனியும் மறைவும் ஒருசேரப் போனதும் வைக்கோல் போருக்கும், அங்கிருந்து வீட்டுக்கும் நகர்கின்றன. மருந்தைப் பற்றிப் பேசுமுன் வீட்டை ஒருமுறை சுற்றி வருவதை வழக்கமாக வைத்திருக்கிறேன்.

அப்படிச் சென்ற ஓர் ஓட்டு வீட்டில், மாதக்கணக்கில் மருந்து வைத்தும் எலி குறையவில்லை என்று வருந்தினார்கள். கொல்லைக் கதவின் அடியில் என் சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது. சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளியே போதும். எலிக்கு 12 மில்லிமீட்டருக்குமேல் எந்தத் துளையையும் விட்டுவைக்கக் கூடாது. கதவடியில் தகரப் பட்டை அடிப்பதும், சாக்கடைக் குழாயின் வாய்க்குக் கால் அங்குலக் கண்ணுள்ள இரும்பு வலை கட்டுவதும், சுவரும் ஓடும் சேரும் சந்துகளைச் சிமெண்டால் பூசுவதும் ஒரு கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை. துணியையும் தேங்காய் நாரையும் திணித்து அடைப்பவர்கள், எலிக்குக் கூடு கட்டப் பொருள் கொடுக்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும். கூரையைத் தொடும் முருங்கைக் கிளையையும் வெட்டிவிடுங்கள். வீட்டெலி ஏறுவதில் கெட்டிக்காரன்.

எல்லா வழியையும் ஒரே நாளில் அடைத்துவிட்டால் உள்ளே இருப்பவை பரணில் செத்து நாறும் என்பதால், ஒரு வழியை மட்டும் விட்டு, அதன் அருகே சுவரோரமாகப் பொறி வையுங்கள். கருவாடோ சுட்ட தேங்காய்ச் சில்லோ போதும். எலி புதுப் பொருளைக் கண்டு அஞ்சும் பிராணி. ஆகவே இரண்டு மூன்று நாட்கள் பொறியைப் பூட்டாமல் இரையை மட்டும் வைத்துப் பழக்கிய பிறகே பூட்ட வேண்டும். சுண்டெலிக்கு இந்தப் பொறுமை தேவையில்லை, அது முதல் நாளே எட்டிப் பார்த்துவிடும். சுவரோரம் கீச்சிட்டு ஓடும் மூஞ்சூறு எலி இனமே அன்று. அது கரப்பான்பூச்சியைத் தின்பது, பிள்ளையாரை நினைக்காவிட்டாலும் அதற்காகவாவது விட்டுவிடலாம்.

நெல் மூட்டைகளைத் தரையில் சுவரோடு ஒட்டி அடுக்காமல், பலகை மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்கினால் புழுக்கை விழுவது உடனே கண்ணில் படும். புழுக்கையை உலர்வாகப் பெருக்காமல் பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளித்து நனைத்துத் துடைக்க வேண்டும். எலியின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம் என்பதால் காலில் புண் உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.

மருந்தைப் பற்றி நான் கடுமையாகவே பேசுவேன். மஞ்சள் பாஸ்பரஸ் பசைக்கு முறிவு மருந்து கிடையாது. உட்கொண்டவர் முதல் நாள் நன்றாக இருப்பதுபோல் தோன்றி, சில நாட்களில் கல்லீரல் செயலிழந்து இறக்கக்கூடும். சிங்க் பாஸ்பைடுக்கும் முறிவு இல்லை. புரோமாடியோலோனுக்கு வைட்டமின் கே முறிவாக உண்டு என்றாலும், அதையும் குழந்தையின் கை எட்டாத, மூடிய இரைப்பெட்டியில்தான் வைக்க வேண்டும். மசால் வடைக்குள் மருந்து பொதிந்து அடுப்படியில் வைக்கும் பழக்கத்தை எந்த வீட்டில் கண்டாலும், பேச்சை நிறுத்திவிட்டு முதலில் அந்த வடையை எடுத்துக் குழி தோண்டிப் புதைக்கச் சொல்கிறேன்; துளைகளைப் பார்ப்பது அதன் பிறகுதான்.