பாய்மரப் படகை உட்கார்ந்து ஓட்டினால் கழுத்துக்கு ஓய்வு என்று யார் சொன்னது?

அப்படி நினைத்துப் படகு ஓட்டி, கழுத்துக் கோளாறோடு எங்கள் கிளினிக்குக்கு வந்தவர்களில் இந்த வருடத்தில் இது மூன்றாவது ஆள். முதல் இரண்டு பேரோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மூன்றாமவருக்கு வயது 46. பதினைந்து வருடம் விண்ட்சர்ஃபிங் செய்தவர், அதாவது பாய் கட்டிய பலகையில் நின்றபடி கடலில் ஓட்டியவர். கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் பிதுங்கியிருக்கிறது. பலகையிலிருந்து விழுந்தால் ஆபத்து, விட்டுவிடுங்கள் என்று எங்கோ சொல்லியிருக்கிறார்கள். நல்ல அறிவுரைதான். அதற்கு அவராகவே ஒரு வால் சேர்த்துக்கொண்டார்: அப்படியானால் டிங்கி என்கிற சின்னப் பாய்மரப் படகை ஓட்டலாமே, அது உட்கார்ந்து செய்கிற வேலைதானே? ஒரே ஆள் ஓட்டுகிற டிங்கியான லேசர் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினார். ஆறே வாரத்தில் வலது கட்டைவிரல் மரத்துப்போய் என் முன்னால் வந்து நின்றார். கையுறை இறுக்கம் என்று நினைத்து நடுவில் இரண்டு முறை கையுறை வேறு மாற்றியிருக்கிறார்.

"உட்கார்ந்துதான் மேடம் ஓட்டறேன்" என்றார்.

முந்தைய இரண்டு பேரும் சொன்னது இதே வாக்கியம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நாற்காலியில் இருக்கிறீர்களா? முதுகைக் கூன் போட்டு, தாடையை முன்னால் நீட்டி உட்காருங்கள். மொபைல் பார்க்கிறபோது உட்காருவீர்களே, அப்படி. அந்த நிலையிலேயே தலையை வலப்பக்கம் திருப்பி, எதுவரை போகிறது என்று பாருங்கள். அப்புறம் முதுகை நிமிர்த்தி, தாடையை லேசாக உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடி திருப்புங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் நீங்கள் நிமிரவே இல்லை.

டிங்கியில் நீங்கள் உட்காருவது படகின் விளிம்பில், படகின் நடுப்பக்கம் பார்த்தபடி. படகு போவதோ உங்களுக்குப் பக்கவாட்டில். காற்று வலப்பக்கமிருந்து வந்தால் வலது விளிம்பில் உட்காருவீர்கள், படகின் மூக்கு உங்கள் வலது கைப்பக்கம் இருக்கும். அந்த ஓட்டம் முழுக்கத் தலை வலப்பக்கம் திரும்பியேதான் இருக்கும். கரையில் யாராவது உங்களை ஒரு மணி நேரம் வலது தோளைப் பார்த்தபடி உட்காரச் சொன்னால் உட்காருவீர்களா?

பலகையிலும் தலை திரும்பித்தானே இருந்தது என்பார்கள். இருந்தது. ஆனால் நின்றுகொண்டிருந்தீர்கள். பாதம், முட்டி, இடுப்பு, மார்பு எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் திரும்பின. கழுத்தின் பங்குக்குக் கொஞ்சம்தான் மிஞ்சியது. பாயின் இழுவையையும் ஹார்னஸ் என்கிற இடுப்புப் பட்டையின் கொக்கி வாங்கிக்கொண்டது. டிங்கியில் உட்கார்ந்ததும் இடுப்புக்குப் பூட்டு விழுந்துவிடுகிறது. இடுப்பு செய்த வேலையைக் கழுத்து செய்கிறது, அதுவும் கூன் போட்ட முதுகின் மேல் உட்கார்ந்துகொண்டு. விளிம்பிலேயே கொஞ்சம் சரிந்து, இடுப்பு எலும்பையும் மார்பையும் படகின் மூக்குப் பக்கம் திருப்பி உட்கார்ந்தால் பாதி பாரம் இறங்கிவிடும். இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

இத்தோடு முடிந்ததா? இல்லை. காற்று ஏறினால் கால்களை வாரில் மாட்டிக்கொண்டு உடம்பைப் படகுக்கு வெளியே சாய்க்க வேண்டும். இதற்குப் பெயர் ஹைக்கிங். தொடையும் வயிறும் எரிவதைப் பற்றி எல்லோரும் பெருமையாகப் புலம்புவார்கள். கழுத்தைப் பற்றிப் பேச்சே வராது. ஏறக்குறைய ஐந்து கிலோ எடையுள்ள தலையைப் பின்னால் சாயவிடாமல் பிடித்திருப்பது கழுத்தின் முன்பக்கத் தசைகள். லேப்டாப் வேலை பார்ப்பவர்களிடம் நான் தேடித் தேடிக் காணாத தசைகள் அவைதான். லேசர் பொழுதுபோக்குக்காரர்கள் மட்டும் ஓட்டுகிற படகும் இல்லை. நம் சென்னை நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டியது, சற்றுச் சின்னப் பாய் கொண்ட இதன் ரேடியல் வகையை. அவரைப் போன்றவர்கள் உடம்பைப் பயிற்சியால் தயார்செய்துவிட்டுக் கடலுக்குப் போகிறவர்கள். நீங்கள் வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிவரை எக்செல் பார்த்துவிட்டுச் சனிக்கிழமை காலை போகிறீர்கள்.

அப்புறம் பூம், அதாவது பாயின் அடிவிளிம்பைத் தாங்குகிற குறுக்குக் கம்பம். லேசரில் அது தாழ்வாகவே இருக்கும். படகைத் திருப்பும்போதெல்லாம் அதன் கீழே குனிந்து மறுபக்கம் போக வேண்டும். எங்கள் கிளினிக்கில் அந்த 46 வயதுக்காரரைக் கட்டிலின் ஓரத்தில் உட்கார வைத்தேன். உதவியாளர் பெண் துடைப்பக் குச்சியை நெஞ்சு உயரத்துக்குக் குறுக்கே நீட்டினாள். "திரும்புங்க" என்றேன். இடுப்பு அசையவே இல்லை. தலை மட்டும் ஆமை மாதிரி முன்னால் நீண்டது, குச்சி எங்கே இருக்கிறது என்று கண் மேலே பார்த்தது. கீழ்க்கழுத்து முன்னால் மடங்க, மேல்கழுத்து பின்னால் மடிந்தது. பிதுங்கிய டிஸ்க்குக்கு இதைவிட மோசமான நிலையை நான் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. "ஒரு நாளைக்கு எத்தனை தடவை இப்படிக் குனிவீங்க?" என்று கேட்டேன். எண்ணியதில்லையாம்.

குனிவது இடுப்பிலிருந்து வர வேண்டும். மூக்கு முட்டியை நோக்கிப் போகட்டும், கண் படகின் தரையைப் பார்க்கட்டும். மறுபக்கம் உட்கார்ந்து முடிந்த பிறகுதான் தலை நிமிர வேண்டும். துடைப்பக் குச்சியோடு முப்பது தடவை செய்தார். பிறகுதான் உடம்பு புரிந்துகொண்டது.

காற்று எதிர்பாராமல் பின்பக்கமிருந்து பாயைப் புரட்டினால் பூம் சொல்லாமல் வரும். ஹெல்மெட் மண்டையைக் காக்கும். அந்த உலுக்கலிலிருந்து கழுத்தைக் காக்காது. கழுத்துப் பிரச்சினை உள்ளவர் தனியாள் படகில், பலத்த காற்றில், நேர்பின்காற்றுக்கு ஓட்டவே கூடாது. இதில் பேரம் பேசாதீர்கள்.

டிங்கியே வேண்டாம் என்று சொல்லவில்லை. விண்ட்சர்ஃபிங்கில் நீரில் கிடக்கும் பாயைக் கயிற்றால் இழுத்துத் தூக்குவது, பாயோடு சேர்ந்து முன்னால் தூக்கி எறியப்படுவது, இந்த இரண்டிலிருந்தும் தப்பிக்க டிங்கி நல்ல வழிதான். படகைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன். பூம் உயரமாக, இரண்டு பேர் ஓட்டுகிற, சட்டென்று கவிழாத படகு. முதலில் இன்னொருவர் சுக்கான் பிடிக்கட்டும். முன்னால் பார்த்து உட்காரும்படி அமைத்த ஹன்சா 303 போன்ற படகு உங்கள் ஊரில் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். அதை மாற்றுத்திறனாளிகள் ஓட்டுகிறார்களே என்று முகம் சுளிப்பவர்களிடம் எனக்குப் பேச எதுவும் இல்லை.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. காற்றுத் திசைகாட்டி பாய்மர உச்சியில் இருந்தால் நிமிடத்துக்கு ஒரு முறை அண்ணாந்து பார்ப்பீர்கள். அதைப் பூமுக்குக் கீழே, கண் மட்டத்தில் மாட்டுங்கள். முன்விளிம்பு நீண்ட தொப்பி போட்டால் பாயைப் பார்க்கத் தலையை இன்னும் அண்ணாத்த வேண்டியிருக்கும். பிடரியில் தடித்த பட்டை உள்ள லைஃப் ஜாக்கெட்டும் தலையை முன்னால் தள்ளும். படகில் ஓட்டுவதற்கென்று வரும், பட்டை இல்லாத மிதவைச் சட்டை போதும். ஆனால் அது மிதக்க உதவும், மயங்கினால் முகத்தை மேலே திருப்பாது. அதனால் தனியாகப் போகாதீர்கள். இன்னொன்று, கரையில் படகு தூக்குவது. லேசரின் வெற்று உடலே 59 கிலோ. கழுத்து வலியோடு அதன் ஒரு மூலையைப் பிடித்து "ஐலசா" போடாதீர்கள். வண்டியில் வைத்துத் தள்ளுங்கள், இல்லையென்றால் வெட்கப்படாமல் ஆள் கூப்பிடுங்கள்.

தண்ணீரில் இறங்கும் முன் வீட்டில் ஒரு சோதனை. மல்லாந்து படுத்து, தாடையை உள்ளே இழுத்தபடியே தலையைத் தரையிலிருந்து இரண்டு விரல் உயரம் தூக்குங்கள். தாடை முன்னால் நழுவாமல் முப்பது விநாடி நிற்கிறதா? என்னிடம் வருபவர்களை இது தேறாமல் ஹைக்கிங் செய்ய விடமாட்டேன். இவர் ஒன்பது விநாடியில் நடுங்கிவிட்டார். செய்யும்போது கையில் மின்சாரம் பாய்வது போல இருந்தால் சோதனையை அங்கேயே நிறுத்துங்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன்: வலி மாத்திரை போட்டுக்கொண்டு கடலுக்குப் போகாதீர்கள். காலர் மாட்டிக்கொண்டும் போகாதீர்கள், பின்னால் என்ன வருகிறது என்று பார்க்கக்கூட முடியாது. முடிவெட்டும் கடையில் தலையைப் பிடித்து டக்கென்று திருப்பிச் சொடக்கு எடுக்கிறார்களே, அதற்குக் கழுத்தைக் கொடுக்காதீர்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் இரண்டு கழுத்து எலும்புகளின் வழியாகத்தான் ஏறுகின்றன. அந்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.

சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுகிறதா, நடை தள்ளாடுகிறதா, குனிந்தால் முதுகு வழியாக ஷாக் அடிக்கிறதா, சிறுநீரை அடக்க முடியவில்லையா? இவை என் வேலையும் இல்லை. படகு, பலகை எல்லாவற்றையும் கரையில் போட்டுவிட்டு அன்றைக்கே நரம்பியல் அல்லது முதுகெலும்பு மருத்துவரிடம் போங்கள்.

நம் 46 வயதுக்காரருக்கு அந்த அறிகுறிகள் எதுவும் இல்லை. லேசரை விற்க மனமில்லையாம், மூடி வைத்திருக்கிறார். பதினொரு வாரப் பயிற்சியில் கட்டைவிரலுக்கு உணர்ச்சி திரும்பிவிட்டது. முப்பது விநாடியும் தேறிவிட்டார். வரும் ஞாயிறு நண்பரின் இரண்டு பேர் படகில் முன்னால் உட்கார்ந்து போகிறார். காற்றின் வேகம் 10 நாட் (knot), அதாவது மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டரைத் தாண்டினால் கரையில் டீ குடித்துக்கொண்டு இருக்கச் சொல்லியிருக்கிறேன். இருக்கிறாரா என்று பார்க்க அவர் மனைவியின் நம்பரையும் வாங்கி வைத்திருக்கிறேன்.