வினைல் தரையில் நாம் துடைப்பது அரை மில்லிமீட்டரைத்தான்

வினைல் பிளாங்க் தரை போட்டவர்கள் ஓரிரு வருடத்தில் சொல்லும் புகார் இதுதான்: நாள் தவறாமல் துடைக்கிறோம், ஆனாலும் மங்கிக்கொண்டே போகிறது. பல நேரம் அந்தத் தரையை மங்கவைப்பதே துடைக்கும் விதம்தான். ஏன் என்று புரிய, அந்தப் பலகைக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

ஒரு பலகையை வெட்டிப் பக்கவாட்டில் பார்த்தால் நடுவில் கெட்டியான ஒரு பகுதி தெரியும். ஓரங்களை ஒன்றோடொன்று கோத்துக் கிளிக் முறையில் மாட்டும் பலகைகள் பலவற்றில் இது சுண்ணாம்புக்கல் தூளும், வினைல் என்று நாம் சொல்லும் பிவிசி பிளாஸ்டிக்கும் கலந்தது. அதன் மேல் மர ரேகை அச்சிட்ட ஒரு மெல்லிய படலம், அதாவது நாம் மரம் என்று நினைத்துப் பார்ப்பது மரத்தின் புகைப்படம். அதைக் காப்பது நிறமில்லாத ஒரு பிவிசி அடுக்கு. வீடுகளுக்கு வரும் பலகைகளில் இது பெரும்பாலும் 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை இருக்கும். அதற்கும் மேலே, புற ஊதா ஒளியில் இறுகவைத்த பாலியுரித்தேன் பூச்சு, சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்தில். செல்போன் திரைமேல் ஒட்டும் ஸ்கிரீன் கார்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கிழிந்தால் உரித்துவிட்டு வேறு ஒட்ட முடியாது. பராமரிப்பு என்பதே இந்த இரண்டு அடுக்குகளையும் காப்பாற்றுவதுதான்.

இவற்றுக்கு முதல் எதிரி மணல். சாதாரண மணலில் இருக்கும் குவார்ட்ஸ் கனிமத்தின் கடினம், 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவுகோலில் 7. கண்ணாடியையே கீறிவிடும், பிளாஸ்டிக் எம்மாத்திரம். செருப்போடு வரும் நாலு மணல்துகள் ஈர மாப்பில் ஒட்டிக்கொண்டால், அப்புறம் நீங்கள் துடைப்பது துணியால் அல்ல, உப்புத்தாளால். அதனால் எப்போதும் முதலில் உலர்ந்த சுத்தம், பிறகுதான் ஈரம். மணலுக்கு மென்மையான துடைப்பம் போதும். வாக்குவம் கிளீனர் என்றால் சுழலும் பிரஷ்ஷை நிறுத்திவிட்டுப் பயன்படுத்துங்கள். பிவிசி உரசும்போது மின்னூட்டம் பெறும் பொருள், தூசியை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும், வெறும் துடைப்பத்துக்கு அது முழுசாக வராது. மைக்ரோஃபைபர் துணியின் நுண்ணிழைகள் அதை நன்றாகவே வாரிக்கொள்ளும். வாசலில் ஒரு நல்ல மிதியடி போட்டால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது சோப்பு. இதைத்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை. உப்புத்தண்ணீரில், அதாவது கால்சியமும் மக்னீசியமும் அதிகமுள்ள கடின நீரில், சோப்பு கரையாத ஒரு படிவாக மாறித் தரையில் உட்காரும். டிடர்ஜென்ட்டில் அந்தப் படிவு வராது, ஆனால் அளவு கூடிவிட்டால் அதுவும் அலசாமல் காய்ந்து பிசுபிசுப்பான படலமாகிவிடும், அந்தப் படலம் அடுத்த நாள் தூசியைப் பிடிக்கும், தரை மங்கலாகத் தெரியும், உடனே நாம் இன்னும் கொஞ்சம் திரவத்தை பக்கெட்டில் ஊற்றுவோம், இப்படியே போகும். உங்கள் தரை உண்மையிலேயே தேய்ந்துவிட்டதா, இல்லை படலமா என்று கண்டுபிடிப்பது எளிது. ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும் இடத்தில், உள்ளங்கை அளவுக்கு, வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியால் பத்துப் பதினைந்து முறை தேயுங்கள். துணி சாம்பல் நிறமாகி அந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரிந்தால், தரை நன்றாகத்தான் இருக்கிறது, மேலே இருப்பது எச்சம். நடுநிலைத் தன்மையுள்ள, அதாவது பிஹெச் 7-ஐ ஒட்டிய கிளீனரை புட்டியில் சொன்ன அளவுக்கு மேல் ஒரு சொட்டும் சேர்க்காமல் கலந்து துடைத்து, அப்புறம் வெறும் தண்ணீரில் இன்னொரு முறை துடைத்தால் போதும். பளபளப்புக்கு என்று விற்கும் அக்ரிலிக் பாலிஷை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். அது அடுக்கடுக்காகச் சேர்ந்து மஞ்சளிக்கும், எடுப்பதற்குத் தனியாக ஒரு கடுமையான ரசாயனம் தேவைப்படும்.

'வாட்டர் ப்ரூஃப்' என்று எழுதியிருக்கிறதே, தண்ணீரை ஊற்றிக் கழுவலாமா? கூடாது. பலகைக்குள் தண்ணீர் ஏறாது, உண்மைதான், ஆனால் இரண்டு பலகைகளுக்கு நடுவே இருக்கும் இணைப்பில் இறங்கும். இறங்கிய தண்ணீருக்கு மேலே வர வழியில்லை, அடியிலேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். மாப்பைப் பிழிந்தால் சொட்டக் கூடாது, துடைத்த ஈரம் ஓரிரு நிமிடத்தில் காய வேண்டும், அதுதான் அளவு.

ஸ்டீம் மாப் இதைவிட மோசம். கடினமான பிவிசியே 80 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளக ஆரம்பிக்கும்; நீராவியோ 100 டிகிரி, அதுவும் அழுத்தத்தோடு இணைப்புக்குள் புகுகிறது. ஒட்டிப் போட்ட தரை என்றால் பசை விட்டுப்போகும், ஓரங்கள் தூக்கிக்கொள்ளும். சூட்டுக்கு இந்தத் தரை நீளவும் செய்யும். 5 மீட்டர் நீளத் தரை 20 டிகிரி சூடேறினால் சில மில்லிமீட்டர் கூடும், அதற்காகத்தான் சுவரோரம் இடைவெளி விட்டுப் போடுகிறார்கள். நேர் வெயில் விழும் ஜன்னலுக்குத் திரை போடுவதும் பராமரிப்பில் சேர்த்திதான்.

ரப்பர் அடிப்பாகம் உள்ள மிதியடிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1926-ல் வால்டோ செமன் என்ற அமெரிக்க வேதியியலாளர் ரப்பரை உலோகத்தோடு ஒட்ட வழி தேடிக்கொண்டிருந்தபோதுதான், சில திரவங்கள் பிவிசிக்குள் ஊடுருவி அதை வளையும் பொருளாக்குவதைக் கண்டார். இன்றைய வினைல் அந்தக் குணத்தில் பிறந்ததுதான். ஆனால் உள்ளே நுழைய முடிந்தது அந்தத் திரவங்களால் மட்டும் அல்ல. ரப்பர் சீக்கிரம் வெடித்துப்போகாமல் இருக்க அதில் சேர்க்கும் ஆன்டிஆக்சிடன்ட்களும் மெல்ல வினைலுக்குள் இறங்கி மஞ்சளாகவோ பழுப்பாகவோ நிறம் மாறும். அந்தக் கறை மேலே இல்லை, உள்ளே இருக்கிறது, எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. நெய்த துணி மிதியடியோ, வினைலுக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட அடிவிரிப்போ போடுங்கள். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் குமிழ் வேண்டாம், ஃபெல்ட் ஒட்டுங்கள்.

கறைகளுக்கு வருவோம். மார்க்கர், பேனா மை என்றால் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைத் துணியில் கொஞ்சமாகத் தொட்டுத் துடைத்து, உடனே தண்ணீரால் துடைத்துவிடுங்கள். முதலில் ஒரு மூலையில் சோதித்துப் பார்ப்பது நல்லது. செருப்பு உரசிய கறுப்புக் கோட்டுக்குப் பேக்கிங் சோடாவைக் குழைத்து மெதுவாகத் தேய்த்தால் போதும். மேஜிக் இரேசர் என்று விற்கும் மெலமைன் ஸ்பாஞ்ச் கறையை எடுக்கும், கூடவே பளபளப்பையும் எடுக்கும். அசிட்டோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவரும் தின்னரும் தரைப்பக்கமே வர வேண்டாம், அவை பிவிசியை ஊதவைத்து இளக்கிவிடும். பிவிசி குழாய்களை ஒட்டும் பசையும் இப்படி இளக்கித்தான் ஒட்டுகிறது. நீர்த்த வினிகர் தரையை உருக்கிவிடாது, சோப்புப் படிவை எடுக்க எப்போதாவது உதவும், ஆனால் தினசரி வேலைக்குத் தேவையே இல்லை. ப்ளீச்சோடு மட்டும் எதையும் கலக்காதீர்கள்: வினிகர் சேர்ந்தால் குளோரின் வாயு, அமோனியா சேர்ந்தால் குளோரமின் வாயு, இரண்டும் நுரையீரலைப் பதம் பார்ப்பவை.

இவ்வளவும் புதிய வகைத் தரைகளுக்கு. 1980-களுக்கு முன் போட்ட பழைய வினைல் டைல் என்றால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். சுரண்டுவதோ உப்புத்தாள் போடுவதோ கூடாது, பரிசோதிக்காமல் பெயர்க்கவும் கூடாது.

மரத்தரை மாதிரி இதை இழைத்துப் புதுப்பிக்க முடியாது, இழைத்தால் புகைப்படமே போய்விடும். ஆழமாகக் கீறல் விழுந்தால் அந்தப் பலகையை மாற்றுவதுதான் வழி, அதற்கு அதே தயாரிப்புத் தொகுதியில் வந்த நாலைந்து பலகைகள் கையில் இருக்க வேண்டும். மிச்சத்தைத் தூக்கிப்போடாமல், வளையாதபடி படுக்கைவாக்கில் அடுக்கி வையுங்கள்.