ஆதார் இல்லை, ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பினால்

2020 மே மாதம். ஊரடங்கில் பேருந்து நிலையம் வெறிச்சோடிக் கிடந்தது. இட்லிக் கடைக்காரர் தினமும் கொடுத்த பொட்டலத்தில் உயிர் பிடித்திருந்த ஓர் அம்மாள், கடை மூடியபின் தண்ணீர்த் தொட்டியடியில் சுருண்டு கிடந்தார். காலில் புண், அதில் ஈ. எதிரே யாரோ நிற்பதுபோல் ஓயாமல் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். மனநலம் பாதித்தவர் என்று பார்த்தாலே தெரிந்தது.

ஆட்டோவில் ஏற்றி ஓர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ஓ.பி. சீட்டுக்கு ஆதார் கேட்டார்கள். வார்டில், கொரோனா பரிசோதனை முடிவு வேண்டும் என்றார்கள். பரிசோதனை எடுக்கும் இடத்தில், செல்போன் எண்ணும் முகவரியும் இல்லாமல் எடுக்க முடியாது என்றார்கள். வீடே இல்லாதவரிடம் முகவரி கேட்டே அன்றைய பொழுதைச் சாய்த்துவிட்டார்கள்.

இப்படியெல்லாம் சொல்லி வீடற்ற ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது எனக்கு அன்று தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

2018 முதல் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 நடைமுறையில் இருக்கிறது. அதன் 18ஆவது பிரிவின்படி வீடற்றவர்களுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் அரசு மருத்துவமனைகளில் மனநல சிகிச்சை இலவசம். வறுமைக்கோட்டு அட்டை கையில் இல்லாவிட்டாலும் இலவசம்தான். கொரோனா பரிசோதனைக் குழப்பத்தைப் பிறகு 2020இலேயே டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு கிளப்பியது. மனநலம் பாதித்த வீடற்றவர்களுக்குக் கொரோனா பரிசோதனை செய்ய செல்போன் எண்ணோ அடையாள அட்டையோ முகவரிச் சான்றோ கட்டாயமில்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலே அங்கே தெரிவித்தது. அந்த விளக்கம் வந்தது நாங்கள் அலைந்த பிறகுதான்.

காவல் நிலையத்தில்தான் பெரும்பாலும் முதல் தடை விழும். சாலையில் திரிபவர் மனநோயால் தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத நிலையில் இருப்பதாகத் தெரிந்தால், அவரைப் பாதுகாப்பில் எடுப்பது அந்த எல்லைக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை என்கிறது இந்தச் சட்டத்தின் 100ஆவது பிரிவு. "அவர் யாரையும் தொந்தரவு செய்யவில்லையே" என்று கையை விரிப்பார்கள். தொந்தரவு செய்ய வேண்டியதே இல்லை. தன்னைப் பார்த்துக்கொள்ள இயலாத நிலையே போதும். "மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கி வாருங்கள்" என்பார்கள். அது 1987ஆம் ஆண்டுப் பழைய மனநலச் சட்டத்தின் பழக்கம். மருத்துவப் பரிசோதனைக்குக் கொண்டுபோக இப்போது அது தேவையில்லை. லாக்கப்பில் ஒரு மணி நேரம்கூட வைக்கக் கூடாது.

பாதுகாப்பில் எடுத்த 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் ஒப்படைக்க வேண்டும். கவனியுங்கள், கடிகாரம் ஓடத் தொடங்குவது பாதுகாப்பில் எடுத்த நேரத்திலிருந்துதான். அதனால்தான் சிலர் எடுக்காமலே இழுத்தடிக்கிறார்கள். வாய்ப்பேச்சோடு திரும்பாதீர்கள். இடம், நேரம், அவர் இருக்கும் நிலை, பிரிவு 100 எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் அன்றே எஸ்.பி. அலுவலகத்துக்கு ஸ்பீட் போஸ்ட்.

மருத்துவமனையில் அடுத்த தடை, "கையெழுத்துப் போட உறவினர் வேண்டும்" என்பது. அவசர சிகிச்சையை எந்தப் பதிவு பெற்ற மருத்துவரும் 72 மணி நேரம் வரை தரலாம். நியமனப் பிரதிநிதி, அதாவது நோயாளிக்காக முடிவெடுக்கத் துணை நிற்பவர், இருந்தால் மட்டுமே அவர் சம்மதம் கேட்க வேண்டும். அதற்குமேல் உள்நோயாளியாகச் சேர்க்க, 14ஆவது பிரிவைக் காட்டுங்கள். உறவோ பொறுப்பேற்க வேறு யாருமோ இல்லாதவருக்குச் சமூக நலத்துறை இயக்குநர் அல்லது அவர் நியமிப்பவர் பிரதிநிதி ஆவார். அந்த நியமனம் வரும்வரை, மனநலப் பணி செய்யும் பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் ஆள் தற்காலிகமாக அந்த இடத்தில் இருக்கலாம். எனவே தனியாகப் போகாதீர்கள். அப்படியொரு நிறுவனத்திலிருந்து ஒருவரைக் கையோடு அழைத்துச் செல்லுங்கள். எங்களுக்கு மூன்றாம் நாள் படுக்கை கிடைத்தது அப்படித்தான்.

வீடியோ எடுத்துப் பரப்புகிறவர்களுக்கு ஒன்று. சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் சம்மதமின்றி ஊடகங்களில் வெளியிட இந்தச் சட்டம் இடம் தரவில்லை. உதவி என்ற பெயரில் முகத்தைக் காட்டாதீர்கள், முடியை மழிக்காதீர்கள். மனநல நிலையங்களிலேயே கட்டாய மொட்டைக்குத் தடை இருக்கிறது.

மருத்துவமனையில் சேர்த்தவுடன் காவல் நிலையத்துக்கு மறுபடியும் போங்கள். காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். பதிவு செய்து குடும்பத்தைத் தேடுவது அவர்களின் கடமை. புகார் வந்தது என்பதற்கு மட்டுமான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் திணித்து அனுப்பப் பார்ப்பார்கள், அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. இங்கேயும் இழுத்தடித்தால் இலவச சட்ட உதவிக்கு 15100.

வெளியே அனுப்பும் நாளை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். எங்கே அனுப்புகிறார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மாத்திரைச் சீட்டும் அடுத்து வர வேண்டிய தேதியும் அவரோடு போக வேண்டும். இல்லையென்றால் அவர் மறுபடி அதே பேருந்து நிலையத்தில்தான் இருப்பார்.