செவர்லேன்னா ஆரஞ்சுன்னு யாரு வே சொன்னா?

போன மாதம் கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு தம்பி மினி லாரியில் வண்டியை ஏற்றி பாளையங்கோட்டையில் என் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். 1947 செவர்லே பிளீட்மாஸ்டர் கார், தாத்தா ஓட்டியது. பானெட்டைத் தூக்கியதும் எனக்கு வயிறு எரிந்துவிட்டது. எஞ்சின் முழுக்கப் பளபளவென்று ஆரஞ்சு.

“ஒரிஜினல் கலர் அடிச்சாச்சு அண்ணாச்சி. நீங்க பாடிய மட்டும் பாத்தாப் போதும்” என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

இந்த வருஷத்தில் இப்படி வருவது மூன்றாவது எஞ்சின். ஒவ்வொருத்தரிடமும் தொண்டைத் தண்ணி வற்றப் பேச முடியவில்லை, எழுதிவிடுகிறேன்.

செவர்லேயில் ஆரஞ்சு உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. அது 1955-ல் வந்த வி-எட்டு எஞ்சினோடு வந்த நிறம். செவர்லேயின் தாய்க் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் பாகங்களைச் சேர்த்து வண்டி பூட்ட ஆரம்பித்தது 1928-ல், மூட்டை கட்டியது 1954-ல். அப்படியென்றால் பம்பாயில் பூட்டிய செவர்லே எதிலும் அந்த ஆரஞ்சு இருக்க வழியே இல்லை. பிளீட்மாஸ்டரில் இருப்பது 216 கன அங்குல ஆறு சிலிண்டர், அதற்கு கம்பெனி அடித்தது சாம்பல் நிறம். போர்டு கார் விஷயத்திலும் இதே கூத்துதான். போர்டு எஞ்சின் எல்லாவற்றுக்கும் ஒரே நீலம் என்று வந்தது 1966-ல். அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னாலேயே போர்டும் இங்கே கடையைக் கட்டிவிட்டது. ஆனாலும் பழைய போர்டு வைத்திருக்கிறவர் நீல டப்பாவோடுதான் வந்து நிற்கிறார். மாரிஸ் மைனர் தவுசண்டுக்குக் கரும்பச்சை. அதையும் ஒருவர் சில்வர் அடித்துக் கொண்டுவந்தார், பார்க்க எவர்சில்வர் குடம் மாதிரி இருந்தது. நிறம் கம்பெனிப் பெயருக்கு இல்லை ஐயா, எஞ்சினுக்கும் வருஷத்துக்கும். போனில் பார்க்கிற அமெரிக்க ஷோ வண்டி உங்கள் தாத்தா வண்டி இல்லை.

இன்னொன்று. வண்டியில் இருப்பது அந்த வண்டியின் எஞ்சின்தானா? ஒரு காலத்தில் பெட்ரோல் கட்டுப்படியாகாமல் எத்தனையோ அமெரிக்க வண்டிகளுக்கு பெர்கின்ஸ் டீசல் மாற்றிவிட்டார்கள். செவர்லே என்றால் எஞ்சின் பிளாக்கில் வார்ப்புத் தேதி இருக்கும், துடைத்துப் பாருங்கள். முதல் எழுத்து மாதம்: ஏ ஜனவரி, பி பிப்ரவரி. அடுத்தது நாள், கடைசியில் வருஷத்தின் கடைசி இலக்கம் மட்டும். ‘சி 12 7’ என்றால் மார்ச் 12, ஏழில் முடிகிற வருஷம். 216 எஞ்சின் 1937-லிருந்தே உண்டு, அதனால் அந்த ஏழு முப்பத்தேழா நாற்பத்தேழா என்று வார்ப்பு நம்பரையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கல்லிடைக்குறிச்சி வண்டியில் ஒரு நல்ல காரியம் நடந்திருந்தது. அடித்த ஆள் சோம்பேறி. பழையதைச் சுரண்டாமல் கிரீஸுக்கு மேலேயே ஸ்பிரே கன் அடித்திருந்தார். பெட்ரோல் இழுக்கிற, ஏசி என்ற கம்பெனியின் பம்பைக் கழற்றினோம். பேக்கிங் ஓரத்தில் கட்டிப்போன அழுக்கு, கறுப்பு அல்வா மாதிரி. மண்ணெண்ணெய் நனைத்த பனியன் துணியால் மெதுவாகத் துடைக்கத் துடைக்க, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பழுப்பு மஞ்சள் தெரிந்தது. “மஞ்சள்ல அண்ணாச்சி!” என்றான் ஷெட் பையன். பொறுலே என்று சொல்லி, ரப்பிங் காம்பவுண்டைத் துளி தொட்டு நாலு தேய் தேய்த்தேன். மஞ்சள் துணியோடு வந்துவிட்டது. எழுபது வருஷத்து எண்ணெய் அது. அடியில் சாம்பல். அந்தத் தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

இப்படித்தான் தேட வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பின்னால், எஞ்சின் மவுண்டிங் பிராக்கெட்டுக்கு அடியில், வாட்டர் பம்ப் மறைவில், ரிவிட் அடித்த தகட்டுக்குக் கீழே. வெயிலும் சூடும் படாத இடம்தான் உண்மை சொல்லும், புகை வெளியேறுகிற மேனிபோல்டு பக்கத்தில் பார்த்தால் எல்லாமே கறுத்துத்தான் இருக்கும். இரண்டு மூன்று அடுக்கு இருந்தால் நயமான வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டு எட்டணா அகலத்துக்குத் தேயுங்கள், வெங்காயம் அரிந்த மாதிரி வளையம் வளையமாகத் தெரியும். உள் வளையத்துக்குப் போகிற வரை நிறுத்தாதீர்கள், ஆனால் செங்காவி பிரைமரைப் பார்த்துவிட்டு ‘எஞ்சின் சிவப்பு’ என்று கிளம்பிவிடாதீர்கள். அப்படியும் ஒருவர் கிளம்பினார்.

போட்டோ எடுத்து வாட்ஸப்பில் பெயிண்ட் கடைக்கு அனுப்புவதை தயவுசெய்து விடுங்கள். போன் கேமரா பச்சையை நீலமாக்கும். கழற்ற முடிகிற ஒரு தட்டையான பாகத்தையே கையோடு கொண்டுபோங்கள். கம்ப்யூட்டர் மிக்ஸிங் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம், அழுக்கு மேல் வைத்தால் அது அழுக்கின் நிறத்தைத்தான் சொல்லும். தகரத் துண்டில் அடித்து, காயவிட்டு, காலை வெளிச்சத்தில் நிழலில் வைத்து ஒத்துப் பாருங்கள். டியூப்லைட்டில் பார்க்கக் கூடாது.

பிளாக்குக்கு நல்ல எஞ்சின் எனாமல் போதும். மேனிபோல்டு வேறு சூடு, அதில் அதே பெயிண்டை அடித்தால் முதல் ஓட்டத்திலேயே புகைந்து உரியும். குற்றாலச் சாரல் காலத்தில் தென்காசிப் பக்கம் என்.சி. என்கிற நைட்ரோ செல்லுலோஸ் பெயிண்ட் அடித்துவிட்டு ‘வெள்ளை பூத்திடுச்சு’ என்று என்னிடம் வராதீர்கள், ஈரம் அப்படித்தான் செய்யும்.

பழைய பெயிண்டை உலர்வாகத் தேய்க்கவே கூடாது. அதில் ஈயம் இருக்கும். கைக்குட்டை கட்டினால் போதாது, பில்டர் வைத்த மாஸ்க் வேண்டும், அந்தச் சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கக் கூடாது. காஸ்டிக் சோடாத் தொட்டியில் கார்ப்ரேட்டரை முக்குகிறவர்களே, அது பெரும்பாலும் துத்தநாகமோ அலுமினியமோ கலந்த வார்ப்பு, அரித்துப்போகும். மணலைப் பீய்ச்சிச் சுரண்டுகிற சாண்ட் பிளாஸ்டிங்குக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒரே ஒரு நாள் பொறுங்கள், அடையாளம் போனால் போனதுதான்.

அந்த எஞ்சின் இப்போது சாம்பல் நிறத்தில் ஸ்டாண்டில் நிற்கிறது. தம்பி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன ஆரஞ்சில் அரை டப்பா மிச்சம் இருந்தது. ஷெட் கேட்டுக்கு அடித்துவிட்டோம்.