மங்காத கண்ணிலும் கேடு இருக்கலாம்

சர்க்கரை எகிறும்போது பார்வை மங்குவதும், இறங்கிய பிறகு தெளிவதும் நீரிழிவு உள்ள பலருக்குப் பழகிய விஷயம். அறுபது வயதைத் தாண்டிய சிலருக்குத் திடீரென்று கண்ணாடி இல்லாமலே செய்தித்தாள் படிக்க வருவதும் உண்டு. அது மகிழ வேண்டிய செய்தி அல்ல. இரத்தத்தில் மிகுந்த குளுக்கோஸ் கண்ணின் லென்ஸுக்குள் புகுந்து சார்பிட்டாலாக மாறுகிறது. சார்பிட்டால் எளிதில் வெளியேறாது. தண்ணீரை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். லென்ஸின் பவர் மாறிவிடுகிறது. சர்க்கரை கட்டுக்குள் வந்தபின் சில வாரங்களில் பழைய நிலை திரும்பும் என்பதால், அதற்குள் புதுக் கண்ணாடி வாங்குவது வீண் செலவு.

ஆளைப் பதறவைக்கும் இந்த மங்கல் பெரும்பாலும் தற்காலிகமானது. பார்வையைப் பறிக்கும் வேலை கண்ணின் பின்புறத்தில், விழித்திரையில் நடக்கிறது. அதற்கு வலி இல்லை, ஆரம்பத்தில் மங்கலும் இல்லை.

விழித்திரை ஆக்சிஜனை ஏராளமாகச் செலவழிக்கும் திசு. அதற்கு இரத்தம் தரும் நுண்குழாய்களின் சுவரை பெரிசைட் என்னும் செல்கள் வெளியிலிருந்து அணைத்துப் பிடித்திருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் சர்க்கரை மிகுந்திருந்தால் முதலில் மடிபவற்றில் இவையும் அடக்கம். பிடி தளர்ந்த இடத்தில், பழைய சைக்கிள் டியூப் போல, குழாய் சிறு கொப்புளமாகப் புடைக்கிறது. இரத்தமும் கொழுப்பும் கசிகின்றன. கசிவு ஓரங்களில் இருக்கும்வரை பார்வை அட்டையின் கடைசி வரியைக்கூடப் படித்துவிடலாம். கூர்மையான பார்வைக்குப் பொறுப்பான மாகுலா என்ற மையப் பகுதியில் நீர் கோத்தால்தான் எழுத்துகள் குழம்பும், நேர்கோடு வளையும்.

வேறு சில குழாய்கள் அடைத்துக்கொள்கின்றன. மூச்சுத் திணறும் விழித்திரை, வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரந்து புதுக் குழாய்களை வரவழைக்கிறது. உதவிக்கு வரும் இவைதான் பெரிய ஆபத்து. இவற்றின் சுவர் மிக மெல்லியது; உடைந்தால் கண்ணுக்குள் இரத்தம் பரவி, கறுப்பு நூல்கள் மிதப்பதாகத் தோன்றும். கூடவே வளரும் தழும்புத் திசு சுருங்கும்போது விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடவும் கூடும்.

லேசர் சிகிச்சை இங்கே ஒரு கடுமையான பேரம். விழித்திரையின் ஓரங்களைச் சுட்டு அவற்றின் ஆக்சிஜன் தேவையைக் குறைக்கிறார்கள். பக்கப் பார்வையிலும் இரவுப் பார்வையிலும் கொஞ்சம் போகலாம், மையம் பிழைக்கும். இப்போது வி.இ.ஜி.எஃப். புரதத்தை முடக்கும் ஊசிகளும் வந்துவிட்டன. கண்ணுக்குள் ஊசியா என்று மிரள்பவர்கள் உண்டு. மரத்துப்போக மருந்து விட்ட பிறகே போடுகிறார்கள்.

எல்லாவற்றையும்விட வலுவான ஆதாரம் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்குத்தான் இருக்கிறது. முதல் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் நடந்து 1993இல் வெளியான அமெரிக்க ஆய்வில், விழித்திரை பாதிப்பு இல்லாதிருந்தவர்களுக்கு அது புதிதாக உருவாகும் அபாயம் தீவிரக் கட்டுப்பாட்டால் 76 சதவீதம் குறைந்தது. ஆனால் நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரையைச் சட்டென்று இறக்கினால் பாதிப்பு சில காலம் கூடுவதும் உண்டு. அப்போது கண் மருத்துவரின் கண்காணிப்பு தேவை.

இரண்டாம் வகை நீரிழிவு தெரியவந்த உடனேயே விழித்திரையைப் பரிசோதிக்கச் சொல்வதற்குக் காரணம், நோய் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தொடங்கியிருக்கக்கூடும் என்பதே. கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இதில் சேராது. சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்தோ, கேமராவால் படமெடுத்தோ உள்ளே பார்க்க வேண்டும். மருந்து விட்டால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும். அன்றைக்கு வண்டி ஓட்ட வேறு யாரையாவது அழைத்துச் செல்லுங்கள்.