ஹிப்னோசிஸ் பழக வருகிற தம்பி தங்கைகளுக்கு

போன மாதம் ஒரு தம்பி போன் எடுத்தார். சூமில் இரண்டு நாள் ஹிப்னோசிஸ் வகுப்பு முடித்து, சான்றிதழும் வந்துவிட்டதாம். "அண்ணை, பேசிக் முடிச்சிட்டன், அடுத்தது மாஸ்டர் லெவல் எங்க செய்யலாம்?" என்று கேட்டார். "தம்பி, இதுவரை எத்தனை பேருக்குச் செய்து பார்த்தனீர்?" என்றேன். தங்கச்சிக்கு ஒருக்கால், அவள் இடையிலேயே சிரித்துவிட்டாளாம். எனக்கு அவரில் கோபம் வரவில்லை, நானும் அதே அவசரத்தோடுதான் தொடங்கினவன். போனில் சொல்லி முடிக்க முடியாத பதிலை இங்கே எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் உளவளத்துணை செய்கிற என்னிடம் இதைப் பழக்கிவிடச் சொல்லிக் கேட்டு வருகிறவர்கள் வருடத்துக்கு வருடம் கூடுகிறார்கள், அவர்கள் கைவைக்கப் போவது எங்கட சனத்தின் மனதில்.

ஊரில் இதை மெஸ்மரிசம், மனோவசியம், ஆளை மயக்குகிறது என்றெல்லாம் சொல்வார்கள். ஆனால் தமிழில் அறிதுயில் என்று ஒரு சொல் இருக்கிறது, பாற்கடலில் பள்ளிகொண்டவரின் உறக்கத்துக்குச் சொல்வது. உறங்குவதுபோல் இருந்தும் எல்லாம் அறிந்திருக்கிற நிலை. இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. ஸ்கொட்லாந்துச் சத்திரசிகிச்சை நிபுணர் ஜேம்ஸ் பிரெய்ட் 1843இல் எழுதிய நூலில் உறக்கத்துக்கான கிரேக்கச் சொல்லை வைத்துத்தான் இதற்குப் பெயர் சூட்டினார், பிறகு இது உறக்கமே இல்லை என்று கண்டு அந்தப் பெயரை மாற்றவும் பார்த்தார், அதற்குள் பெயர் ஒட்டிவிட்டது. அவருக்கும் முன்னரே, கோவாவில் பிறந்து பாரிசில் வாழ்ந்த பாதிரியார் அபே ஃபாரியா, செய்கிறவரிடம் ஒரு சக்தியும் கிடையாது, நடப்பதெல்லாம் கதிரையில் இருக்கிற ஆளின் மனதுக்குள்தான் என்று சொல்லிவிட்டார். 'என்னிடம் ஒரு பவர் வரப்போகிறது' என்ற எண்ணத்தோடு வருகிறவர்கள் அதை வாசலிலேயே கழற்றி வைத்தால் பாதி வருடம் மிச்சம்.

தொடக்கப் பயிற்சிகள் எளியவை. ஒரு மோதிரத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, அது சுற்றுவதாக மட்டும் நினைத்துப் பாருங்கள், கை அசையாமலே சுற்றத் தொடங்கும், உண்மையில் உங்களுக்கே தெரியாமல் விரல் அசைகிறது. அப்புறம் கண்ணை மூடி இரண்டு கையையும் நீட்டி, ஒரு கையில் தண்ணீர் நிரம்பிய கிணற்று வாளி தொங்குவதாக நினைப்பது. கை மெல்ல மெல்ல இறங்கும். இவற்றை மற்றவர்களுக்குச் செய்ய முதல் உங்களில் செய்து பாருங்கள். பிறகு அனுபவமுள்ள ஒருவரிடம் நீங்களே கதிரையில் இருங்கள், ஒரு தடவை அல்ல, பல தடவை. தான் ஒருநாளும் போகாத வீட்டுக்கு மற்றவர்களுக்கு வழி சொல்வது சரியில்லை.

அதற்குப் பிறகு எல்லோரும் வந்து நிற்கிற இடம், கதிரையில் இருப்பவருக்குச் சொல்லவேண்டியதைத் தாளில் எழுதிவைத்து வாசிப்பது. தொடக்கத்தில் அது தேவைதான், ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் ஒரு அக்காவிடம் படித்தேன். பழகத் தொடங்கி இரண்டு வருடம், எங்கோ வெளிநாட்டில் எழுதியதைத் தமிழாக்கி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நித்திரை வராமல் வந்தவர் அவர். கண்ணை மூடச் சொல்லி, "நீங்கள் ஒரு அமைதியான கடற்கரையில் இருக்கிறீர்கள், அலை மெல்ல வந்து காலைத் தொடுகிறது" என்று தொடங்கினேன். அவருடைய மூச்சு மாறியது, கைகள் கதிரையை இறுக்கிப் பிடித்தன, எனக்கு அது ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் என் கண் தாளில் இருந்தது. 2004 சுனாமியில் பிள்ளையைக் கொடுத்தவர், வடமராட்சிக் கரைக்காரர். நான் கேட்கவே இல்லை. அன்று அவர் அழுத அழுகை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அதேபோல, ஆழமாகக் கொண்டுபோக எல்லோரும் சொல்கிற 'படிப்படியாகக் கீழே இறங்குங்கள்' என்பதும், சண்டைக் காலத்தில் பங்கருக்குள் சிறுவயதைக் கழித்தவருக்கு வேறு ஒன்றைச் சொல்கிறது. அதற்குப் பிறகு நான் யாரிடமும் எனக்குப் பிடித்த இடத்தைச் சொல்வதில்லை. உங்களுக்கு ஆறுதலான இடம் எது என்று கேட்பேன். ஒரு ஐயா பேரன் பிறந்த வீட்டு விறாந்தையில் இருக்கிற சாய்மனைக் கதிரையைச் சொன்னார், வேறு எதுவும் தேவைப்படவில்லை.

தேர்ச்சி என்று நான் நினைப்பது இங்கேதான் தொடங்குகிறது. தாளை வைத்துவிட்டு ஆளைப் பார்ப்பது. இமை துடிப்பது, விழுங்குவது குறைவது, தோள் இறங்குவது, கேள்விக்குப் பதில் வர எடுக்கிற நேரம் நீள்வது, இதையெல்லாம் பார்த்து அவர் மூச்சு விடும்போது உங்கள் சொல் இறங்க வேண்டும். சொல்லையும் கவனியுங்கள். ஊசிக்குப் பயப்படுகிற பிள்ளையிடம் "நோகாது" என்றால் பிள்ளை நோவைத்தான் நினைக்கும், "ஐஸ்கட்டி வைத்தமாதிரி குளிரும்" என்றால் குளிரைத் தேடும். எல்லோருக்கும் ஒரே அளவில் வராது என்பதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர்கள் வைட்சன்ஹோஃபரும் ஹில்கார்டும் 1959இல் இதற்கு அளவுகோலே செய்து வைத்தார்கள், பெரும்பாலானவர்கள் நடுவில், சிலர் மிக எளிதாக, சிலருக்கு அநேகமாக வராது. வராவிட்டால் அது அவருடைய பிழையும் அல்ல, உங்களுடைய தோல்வியும் அல்ல.

முடிப்பதில் அவசரம் வேண்டாம். ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன், பயமாக இருக்கும். கை கால் பாரம் போய்விட்டதா என்று கேட்டு, தண்ணீர் கொடுத்து, முற்றத்தில் இரண்டு சுற்று நடக்கவிட்டுத்தான் மோட்டார் சைக்கிள் திறப்பை எடுக்க விடுவேன்.

எங்கே செய்யக்கூடாது என்பதுதான் கடைசியாகப் பழகுகிற பாடம், கனமானதும் அதுதான். ஹிப்னோசிஸ் இல்லாமல் ஒரு வருத்தத்தைப் பார்க்க உங்களுக்குத் தகுதி இல்லையென்றால், ஹிப்னோசிஸோடும் இல்லை. வயிற்று நோவை டொக்டர் பார்க்க முதல் நீங்கள் அமர்த்திவிட்டால், உள்ளே குடல்வால் அழற்சியாக இருக்கலாம். குரல் கேட்கிறது, யாரோ தன்னை இயக்குகிறார்கள் என்று சொல்கிறவரைக் கண்ணை மூடச் சொல்லாதீர்கள், மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஒரு அம்மா வந்தார். மூத்த மகன் காணாமல் ஆக்கப்பட்டவர். கூட வந்த இளையவர் அப்போது சின்னப் பொடியன், அண்ணனோடு கடைசியாக நின்றவர். "இவனை மயக்கிக் கேளுங்கோ ஐயா, ஆர் கூட்டிக்கொண்டு போனது, எந்தப் பக்கம் போனது எண்டு." இளையவரும் ஓம் என்று தலையாட்டினார். நான் மாட்டேன் என்றேன். ஹிப்னோசிஸ் ஞாபகத்தைத் திருத்தித் தராது, உறுதியைத்தான் கூட்டும். இல்லாத முகம் ஒன்று தோன்றினாலும் அவர் அதைச் சத்தியம் என்றே நம்புவார், அந்த அம்மா அந்த முகத்தைத் தேடியே மிச்ச நாளைக் கழிப்பார். இதை அவர்களுக்கு விளக்க ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. அம்மா அழுதார். இளையவர் அதற்குப் பிறகு நித்திரைக்காகவும், அன்றைக்குத் தான் ஒன்றும் செய்யவில்லையே என்ற குற்ற உணர்ச்சிக்காகவும் ஒரு வருடம் என்னிடம் வந்தார். கண்ணை மூடாமலே நிறையக் கதைத்தோம்.

அந்தத் தம்பியை வெள்ளிக்கிழமை பின்னேரம் வரச் சொல்லியிருக்கிறேன், தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு. அவள் எந்த இடத்தில் சிரித்தாள், அதற்குச் சற்று முன்னர் தம்பி என்ன சொன்னார் என்று முதலில் அவளிடம் கேட்க வேண்டும்.