டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறதா?

போன தை மாதம் ஒரு நாள், இரவு ஏழரை மணிக்கு போன் வந்தது. "சார், டயர் போயிடுச்சு. இங்க டீக்கடையில உங்க நம்பர் கொடுத்தாங்க." சென்னையிலிருந்து நவக்கிரகக் கோயில்களுக்கு வந்த குடும்பம். திருவெண்காட்டில் கும்பிட்டுவிட்டு கீழப்பெரும்பள்ளம் போகும் வழியில் வண்டி நின்றுவிட்டது. பெரிய ஜெர்மன் கார். பின்சீட்டில் வயதான பாட்டி.

மயிலாடுதுறையில் பதினெட்டு வருடமாக டயர் வேலை பார்க்கிறேன். அறுவடைக் காலத்தில் இப்படிப்பட்ட அழைப்பு வந்தால், போகும்போதே என்ன நடந்திருக்கும் என்று தெரியும். நெல்லை ரோட்டோரம் காயப் போடுகிறவர்கள், வண்டி ஏறாமலிருக்கச் சுற்றிக் கல் வைப்பார்கள். நெல்லை அள்ளிய பிறகும் சில கற்கள் அங்கேயே கிடக்கும். எதிரே பஸ் வரும், காரை ஓட்டுகிறவர் ஓரம் கட்டுவார், கல்லில் ஏறும். அன்றும் அதேதான். முன் இடது டயரின் பக்கவாட்டில் இரண்டு விரல் நுழையும் அளவுக்குக் கிழிசல். அவர் பஞ்சர் கிட்டை எடுத்து மருந்தை ஏற்றிப் பார்த்திருக்கிறார். அத்தனையும் பால் மாதிரி வெளியே வழிந்து தார் ரோட்டில் தேங்கிக் கிடந்தது.

அந்த மருந்து, டயர் ரோட்டில் படும் பகுதியில் ஆணி ஏறிய சின்ன ஓட்டையைத்தான் அடைக்கும். பக்கவாட்டுக் கிழிசலுக்கு ஒன்றும் செய்யாது. சொகுசுக் கார்களுக்கோ அந்தப் பக்கவாட்டு உயரமே குறைவு. 245/40 என்று டயரில் போட்டிருந்தால் 245 மில்லிமீட்டர் அகலத்தில் 40 சதவீதம், அதாவது 98 மில்லிமீட்டர். ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே அரைச் சாண் ரப்பர்தான்.

"இவ்வளவு விலை கொடுத்தும் ஸ்டெப்னி தரலையே" என்று அவர் வருத்தப்பட்டார். 2020-இல் விதி மாறியது. டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே கார் விற்கலாம். வாங்கும்போது டிக்கியின் அடிப்பலகையைத் தூக்கிப் பார்ப்பவர்கள் குறைவு. தயவுசெய்து இன்றைக்கே தூக்கிப் பாருங்கள்.

ரன்ஃபிளாட் டயர் இருப்பவர்கள் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம். காற்று இறங்கினாலும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் சுமார் 80 கிலோமீட்டர் ஓடும். ஆனால் கோடியக்கரையிலிருந்து தஞ்சாவூர் 100 கிலோமீட்டருக்கு மேல். உங்கள் அளவு டயர் இடையில் உள்ள ஊர்களில் கிடைப்பது கஷ்டம். அன்றைக்கு அந்தக் குடும்பத்துக்கும் கிடைக்கவில்லை. ஆட்களை வேறு வண்டியில் ஊருக்குள் அனுப்பி வைத்தோம். மறுநாள் மாலை திருச்சியிலிருந்து டயர் வந்தது.

ஆகவே, டெல்டா பக்கம் வருகிறவர்கள் ஒல்லியான ஸ்பேஸ் சேவர் ஸ்டெப்னி ஒன்றை வாங்கிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். டிக்கியில் குழி இல்லாவிட்டால் பட்டை போட்டு இறுக்கிக் கட்டலாம். பெட்டி வைக்கும் இடம் கொஞ்சம் போகும், போகட்டும். போல்ட் துளைகளும் நடுத்துளையும் பொருந்த வேண்டும், சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் காலிப்பரில் (பிரேக் பிடிக்கும் பாகம்) இடிக்கக் கூடாது. அதனால் வாங்கிய அன்றே ஒர்க் ஷாப்பில் முன்னும் பின்னும் ஒரு தடவை மாட்டிப் பாருங்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியானால் விட்டம் மற்ற டயர்களோடு ஒத்துப்போகிறதா என்றும் கேளுங்கள். இந்தச் சின்ன டயருக்குப் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ காற்று வேண்டும், டயரிலேயே எழுதியிருக்கும். மாட்டிய பிறகு மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டி ஓட்டாதீர்கள்.

அப்புறம் லாக் போல்ட் சாவி, அதாவது சக்கரம் திருடு போகாமலிருக்கப் போட்ட போல்ட்டைக் கழற்றும் சாவி. கட்டை விரல் அளவுதான் இருக்கும். அது இல்லாவிட்டால் ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் எல்லாம் இருந்தும் சக்கரம் கழலாது. சர்வீஸுக்கு விட்டு எடுக்கும்போது திரும்ப டிக்கியில் வைத்தார்களா என்று கேட்டு வாங்குங்கள். ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை) வண்டிகளில் ஜாக்கி போடுவதற்கு முன், வண்டி தானாக உயரத்தை மாற்றாமலிருக்க ஜாக் மோடை ஆன் செய்ய வேண்டும். அது எந்த மெனுவில் இருக்கிறது என்று வீட்டிலேயே பார்த்து வையுங்கள்.

ஒரு அடிக்கு ஒரு அடி கெட்டிப் பலகையும் டிக்கியில் இருக்கட்டும். எங்கள் பக்கம் ரோட்டோர மண் களிமண். வாய்க்கால் ஈரத்தில் ஜாக்கி வண்டியைத் தூக்காது, தானே மண்ணுக்குள் இறங்கும். பலகையைக் கீழே போட்டு அதன்மேல் ஜாக்கியை வையுங்கள். பாட்டி, குழந்தைகளை முதலில் இறக்கி ரோட்டை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள். அப்புறம் தூக்குங்கள்.